வாசிக்க மட்டும்

மூன்று கிழமைகளாக என் கணினியில் ஒரு குறை இருக்கிறது. மகளின் கணினியில் உள்ள ஃபோல்டரை என்னுடையதிலிருந்து திறக்க முடிகிறது. உள்ளே இருக்கும் கோப்புகளை வாசிக்கவும் முடிகிறது. திருத்திச் சேமிக்கப் போனால் மட்டும், உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வருகிறது.

மகள் யசோதா விஞ்ஞான ஆசிரியை. அவள் தயாரிக்கும் தவணைப் பரீட்சை வினாத்தாள்களை மொழி பார்த்துத் திருத்திக் கொடுப்பது, நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் பொறுப்பு. குறையைச் சொன்னபோது அவள் தலை நிமிராமல், "விண்டோஸ் அப்டேட் ஒண்ணு வந்துச்சும்மா, அதுல என்னமோ மாறியிருக்கு. லீவுல பார்க்குறேன்," என்றாள்.

கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் இருபது வருடங்களுக்கு மேல் நான் வீடு வீடாகப் போய் இதே குறையைத்தான் சரிசெய்தேன். இரண்டு நிமிட வேலை. என் வீட்டில் மட்டும் இன்னும் செய்யவில்லை. அதற்கான காரணம் அம்பிட்டிய வீதியில் இருந்த ஒரு வீடு. பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றவை நடந்தபடி.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. பன்வில பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கொழும்பில் ஒரு பத்திரிகையில் நான்கு வருடம் ஒப்புநோக்குநராக இருந்தேன். மூலப்பிரதியை ஒருவர் உரக்க வாசிப்பார். அச்சுப்படியை மற்றவர் விரல் வைத்துத் தொடர்வார். வேறு எதுவும் அங்கே கற்றுக்கொள்ளவில்லை. திருமணத்துக்குப் பின் கண்டிக்கு வந்து, அச்சகமொன்றில் கணினியில் பக்கம் அமைத்து, அங்கிருந்து நிஸாம் நானாவின் கணினிக் கடையில் சேர்ந்தேன். வீடுகளுக்குப் போய்த் திருத்தும் வேலைக்கு ஒரு பெண் வந்தால் வீட்டுப் பெண்கள் தயங்காமல் உள்ளே விடுவார்கள் என்பது அவருடைய கணக்கு. அது சரியாகவே இருந்தது.

நிஸாம் நானா கடையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றபடியே சாப்பிடுவார், நின்றபடியே தொலைபேசியில் பேசுவார். வாடிக்கையாளர் யாராவது "வேலை செய்யுதில்ல" என்றால், "திரையில என்ன எழுதி ஈக்கி? ஒரு எழுத்தும் விடாம வாசிங்க," என்பார். அவர்கள் சுருக்கிச் சொன்னால் மறுபடி வாசிக்க வைப்பார். கடையில் ஒரு தடித்த வேலைப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம்: அவர்கள் சொன்னது, நீ கண்டது, நீ செய்தது. ஒன்றில் எழுத வேண்டியதை இன்னொன்றில் எழுதினால் புத்தகத்தைத் திருப்பித் தள்ளிவிடுவார். திட்டமாட்டார். எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பார், அவ்வளவுதான்.

அவர் வைத்த ஒழுங்கும் எளியது. முதலில் கேபிளையும் ரவுட்டரில் எரியும் விளக்கையும் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு கணினியும் ஒரே வலையமைப்பில் இருக்கின்றனவா, அது வீடு என்று குறிக்கப்பட்டிருக்கிறதா, பொது இடம் என்றா என்று பார்க்க வேண்டும். பொது இடம் என்று குறித்தால் கணினி தன்னை மற்றவற்றிடமிருந்து மறைத்துக்கொள்ளும். அதன் பிறகு ஃபோல்டர் பகிரப்பட்டிருக்கிறதா, யாருக்கு என்ன அனுமதி என்பது. கடைசியில் சோதனை. ஒரு கணினியில் சின்னக் கோப்பொன்றை உருவாக்கி, மற்றதிலிருந்து திறந்து, ஒரு வரி மாற்றி, சேமித்து, அச்சடித்து, அழிக்க வேண்டும். அந்தக் கோப்புக்கு எங்கள் கடையில் வைத்த பெயர் 'தேத்தண்ணி'. அது ஓடி முடிந்தால்தான் வீட்டுக்காரர் தரும் தேநீரைத் தொடலாம்.

"கோப்பு தேத்தண்ணி முந்தி, கோப்பைத் தேத்தண்ணி பிந்தி," என்று நானா சொல்லும்போது அவர் மட்டும் சிரிப்பார்.

அம்பிட்டிய வீதி வீடு கண்டியின் பல வீடுகளைப் போல மலைச்சரிவில் கீழ்நோக்கிக் கட்டப்பட்டது. வீதி மட்டத்தில் சிவபாதம் சேரின் அலுவலக அறை. பதினான்கு படி இறங்கினால் அவருடைய மனைவி மனோன்மணி அன்ரியின் அறை. இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள். சேர் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளராகப் பதிவு பெற்றிருந்தார். வெளிநாடு போகிறவர்களின் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களைச் சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி, கையொப்பமிட்டு, சீல் குத்திக் கொடுப்பார். கீழே அன்ரி மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்து பகிர்ந்த ஃபோல்டரில் போடுவார். மேலே சேர் திறந்து, சரிபார்த்து, அச்சடிப்பார். நடுவில் கொங்கிறீட் தட்டு. வைஃபை இறங்காததால் கேபிள் போட்டது நாங்கள்தான்.

முதல் தடவை அழைப்பு வந்தபோது அன்ரியின் கணினி பொது இடத்தில் இருப்பதாகக் குறிக்கப்பட்டிருந்தது. வீடு என்று மாற்றினேன். 'தேத்தண்ணி' ஓடியது. தேநீர் குடித்தேன்.

"ஏன் பிள்ளை அது தன்ர பாட்டில மாறினது?" என்று சேர் கேட்டார்.

"விண்டோஸ் அப்டேட் வந்தா சில நேரம் இப்படி ஆகும் சேர்."

அன்ரி படியோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்டேட்," என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். ஆங்கிலமும் சிங்களமும் நன்றாகத் தெரிந்தவர் அந்தச் சொல்லை ஏன் அப்படிச் சொல்லிப் பார்த்தார் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

இரண்டாம் தடவை, பதினைந்து நாள் கழித்து, ஃபோல்டரின் பகிர்வே நீக்கப்பட்டிருந்தது. எந்த அப்டேட்டும் அதைச் செய்து நான் கண்டதில்லை.

"இதுல யாராச்சும் கை வச்சீங்களா சேர்?"

"ஆர் வைக்கிறது? நான் மேல, அவ கீழ. நாற்பது வருசத்துக்குப் பிறகு பெண்சாதியோட கதைக்கிறதுக்கு எனக்கு உம்மட கேபிள் வேண்டிக் கிடக்கு. அதுவும் அறுந்தால் நான் ஆரோட கதைக்கிறது?"

கீழேயிருந்து அன்ரியின் குரல் வந்தது. "கேபிள் இருக்கேக்க மட்டும் கதைச்சுக் கிழிச்சவர்!"

பகிர்வை மறுபடி போட்டேன். வேலைப் புத்தகத்தில் 'அப்டேட் ஆக இருக்கலாம்' என்று எழுதினேன். 'இருக்கலாம்' என்ற சொல்லை நானா விரலால் ஒரு தரம் தட்டினார்.

மூன்றாம் தடவை போன காலை, சேரின் அறைக் கதிரையில் ஓர் இளம்பெண் பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பெயர் புனிதா. தெல்தோட்டைப் பக்கத் தோட்டம். முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு வெளிநாட்டில் தெரிவாகியிருந்தாள். பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பைத் திங்கட்கிழமை கையளிக்க வேண்டும்.

"அக்கா, இன்னைக்குக் கெடைச்சிருமா? ரெண்டாவது நாளா வாறேன். போன வாரம் நெட்வொர்க் இல்லன்னு சொல்லிட்டாங்க."

"கெடைக்கும். பார்க்குறேன்."

சேரின் கணினியில் வலையமைப்பே இல்லை. ரவுட்டரில் ஒரு விளக்கு எரியவில்லை. கேபிளைத் தொடர்ந்து படி இறங்கினேன். அன்ரியின் அறைச் சுவரில், அது செருகும் துளையிலிருந்து அரை அங்குலம் வெளியே நின்றது. அந்த வகைச் செருகியில் சின்ன நாக்கு ஒன்று இருக்கும். அதை விரலால் அழுத்தினால்தான் வெளியே வரும். இழுத்துப் பிடுங்கினால் நாக்கு உடையும். இதில் நாக்கு உடையவில்லை.

அன்ரி கணினியின் முன் இருந்தார். நான் கேபிளைக் கையில் பிடித்தபடி அவரைப் பார்த்தேன்.

"நான்தான் கழட்டினனான்," என்றார். குரலைத் தாழ்த்தவில்லை, வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். "முந்தி ரெண்டு தரமும் நான்தான். கதவைச் சாத்தும்."

சாத்தினேன். அலுமாரியிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து என் முன் வைத்தார். அதே பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு, இரண்டு படிகள். பக்கத்தில் சிங்கள மூலத்தின் நிழற்படப் பிரதி.

"இது நான் செய்தது. இது போன கிழமை அவர் திருத்தினது, இதைக் கண்டுதான் கழட்டினனான். நீர் பேப்பரில இருந்தனீர்தானே? பாரும்."

விரல் வைத்துப் பார்த்தேன். ஐந்து திருத்தங்கள். ஒன்று சரியானது, அன்ரி விட்ட பிழையைச் சேர் பிடித்திருந்தார். மற்ற நான்கும் பிழை. தந்தையின் தொழில் இருக்க வேண்டிய இடத்தில் பாட்டனாரின் பெயர் இருந்தது. பிறந்த திகதியை எடுத்துவிட்டு, பிறப்பைப் பதிந்த திகதியை அங்கே போட்டிருந்தார். புனிதாவின் கடவுச்சீட்டில் ஒரு திகதி, சீல் குத்திய மொழிபெயர்ப்பில் வேறொரு திகதி. வெளிநாட்டு அலுவலகத்தில் அதைத் தட்டச்சுப் பிழையாகப் பார்க்கமாட்டார்கள். மோசடி என்று பார்ப்பார்கள்.

"நெட்வொர்க் இல்லாத நாளில நான் பிரின்ட் எடுத்துக்கொண்டு மேல போவன்," என்றார் அன்ரி. "அவர் வாசிச்சிட்டு சீல் குத்துவார். பேனையால திருத்தமாட்டார். தாள் அசிங்கமாப் போயிடுமெண்டு அவருக்குப் பிடிக்காது. கம்பியூட்டரில எண்டால்தான் கை போகுது. இந்த முறை நெட்வொர்க் வந்தாப் பிறகுதான் பாப்பன் எண்டு நிண்டிட்டார்."

"அப்போ நான் வந்து வந்து…"

"ஓம். நீர் வந்து வந்து திறந்து விட்டனீர்."

மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். கோபிக்கிறார் என்றார். சீலைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்றேன். அன்ரி மேசையைத் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசை.

"காலமை எட்டு மணிக்குச் சேட்டுப் போட்டு, பேனை குத்திக்கொண்டு அந்தப் படி ஏறுற ஆள். சீல் இல்லாட்டி அவர் எங்க ஏறுறது?" பிறகு கேட்டார்: "அவர் திறக்கட்டும், வாசிக்கட்டும். ஆனால் மாத்த ஏலாமல் இருக்கோணும். அப்பிடி ஒண்டு இருக்கோ உங்கட இதில?"

இருந்தது. ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் சேரின் பெயருக்கு நேரே, வாசிக்கவும் எழுதவும் என்று இருந்ததை வாசிக்க மட்டும் என்று மாற்றினேன். இரண்டு நிமிடம். சேரின் சரியான ஒரு திருத்தத்தை மட்டும் அன்ரியின் படியில் ஏற்றி உள்ளே போட்டோம். கேபிளைச் செருகினேன். விளக்கு எரிந்தது.

மேலே போய்ச் சேரின் கணினியில் கோப்பைத் திறந்து காட்டினேன். "வந்திட்டுது!" என்று கை தட்டினார். புனிதா எழுந்து நின்றாள். அன்ரி தேநீர் கொண்டுவந்தார்.

'தேத்தண்ணி'யை நான் ஓடவிடவில்லை. சேமிக்காது என்று தெரிந்த கோப்பைச் சேமித்துப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். சேரின் முன்னால் அந்தப் பெட்டி வந்து நிற்பதையும் நான் விரும்பவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, அவர் அச்சடிக்கும் முன்பே கிளம்பினேன். வேலைப் புத்தகத்தின் கடைசி இரண்டு கட்டங்களில் எழுதியது: 'கேபிள் தளர்ந்திருந்தது. செருகப்பட்டது.' அதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒன்றை மறைப்பதற்காக நான் எழுதிய முதல் வரி அதுதான்.

சோதனையைச் செய்திருந்தால் தெரிந்திருக்கும். வாசிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பைத் திரையில் மாற்ற எந்தத் தடையும் இல்லை. சேமிக்கத்தான் விடாது. சேமிக்காமலே அச்சடிக்கலாம். எங்கள் ஒழுங்கில் சேமிப்பதற்கு அடுத்தது அச்சடிப்பது. அந்த வரிசையில் போயிருந்தால் ஓட்டை என் கண்முன் வந்திருக்கும்.

நான் போன பிறகு சேர் திகதியை மாற்றினார். சேமிக்க முயன்றிருப்பார், பெட்டி வந்திருக்கும். அதை மூடிவிட்டு அச்சடித்தார். சீல் குத்தினார். புனிதா அதை வாங்கிக்கொண்டு தெல்தோட்டை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். கீழே அன்ரி தன் திரையில் இருந்த சரியான படியைப் பார்த்து நிம்மதியாக இருந்தார்.

பத்து நாள் கழித்துக் கடைக்கு அழைப்பு வந்தது. நானா தொலைபேசியைக் கையால் பொத்தியபடி, "ஒன்னத்தான் கேக்குறாரு, தங்கச்சி. கொரல் சரியில்ல. கையில உள்ளத வச்சிட்டுப் போ," என்றார்.

போனேன். புனிதா அதே கதிரையில் இருந்தாள். இந்த முறை உறை மடியில் இல்லை, மேசையில் இருந்தது. அழுது முடித்திருந்த முகம். விண்ணப்பத்தை நிறுத்தி வைத்து, விளக்கம் கேட்டிருந்தார்கள். ஒரு கிழமை அவகாசம்.

சேர் மேசையில் மூன்று தாள்களை வரிசையாக வைத்திருந்தார்: சிங்கள மூலம், சீல் குத்திய மொழிபெயர்ப்பு, கணினியில் சேமிக்கப்பட்டிருந்த படியிலிருந்து அன்று காலை எடுத்த புதிய அச்சு. கச்சேரிக்காரர், ஒழுங்காகவே வைத்திருந்தார்.

"இது என்ர கையெழுத்து," என்றார், நடுத் தாளைத் தொட்டு. "இது என்ர சீல். இந்தத் திகதி ஆருடையது, பிள்ளை?"

நான் மூன்று தாள்களிலும் திகதி இருந்த வரியைத் தேடினேன்.

"மெசினுக்குள்ள இருக்கிறதில சரியான திகதி கிடக்கு. தாளில பிழையான திகதி. அப்ப நடுவில மாத்தினது நான். இப்ப ஒண்டை மாத்திச் சேவ் பண்ணிப் பாத்தனான். அனுமதி இல்லையாம். என்ர வீட்டில, என்ர வேலையில, என்னை வாசிக்க மட்டும் விட்டது ஆர்?"

"நான்தான் சேர்."

"ஆர் சொல்லி?"

படியின் மேல்முனையில் அன்ரி நின்றிருந்தார். "நான் சொல்லி," என்றார்.

சேர் திரும்பிப் பார்க்கவில்லை. வீதியில் ஒரு பஸ் ஏற்றத்தில் கியர் மாற்றிப் போனது.

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம், மனோ."

"சொன்னனான். மூண்டு தரம் சொன்னனான். மூண்டு தரமும் ஓம் எண்டனீங்கள். பிறகு மறந்து போனியள்."

அவர் தன் விரலை நடுத் தாளில் வைத்து மூலத்தோடு மெதுவாக ஒப்பிட்டுக்கொண்டு போனார். திகதியில் விரல் நின்றது. அவருடைய முகத்தை நான் கவனித்தேன். பிழையைக் கண்டுபிடித்தவரின் முகம் அல்ல அது. அங்கே பிழை இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்வதை நம்ப முடிவெடுத்தவரின் முகம்.

பிறகு எழுந்தார். தன் பிழை என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். அவர் சொல்ல, அன்ரி அந்த மேசையிலேயே இருந்து தட்டச்சு செய்தார். ஓரிடத்தில் சேர் சொன்னதை அன்ரி மாற்றினார். சேர் திரையைப் பார்த்து, "சரி," என்றார். கையொப்பமிட்டார். சீலைத் துணியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். முச்சக்கரவண்டி பிடித்து, நகரத்தில் இன்னொரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் புனிதாவைத் தானே கூட்டிப் போனார். அந்தக் கிழமையே தன் மொழிபெயர்ப்பாளர் பதிவைத் திருப்பி ஒப்படைத்துவிட்டார்.

புனிதாவின் விண்ணப்பம் பிறகு ஏற்கப்பட்டதாக அன்ரி சொன்னார். நான் அவளை மறுபடி பார்க்கவில்லை. ஆகவே அன்ரி சொன்னதாகவே எழுதுகிறேன்.

கடைக்குத் திரும்பி நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வேலைப் புத்தகத்தைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தார். 'கேபிள் தளர்ந்திருந்தது.' வாசித்தார். நான் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"கிழிக்காத. அது அங்கயே ஈக்கட்டும். கீழ எழுது."

பத்திரிகையில் திருத்தம் போடுவதும் அப்படித்தான். நானா பக்கத்தில் நின்றார். எழுதி முடித்தேன். அப்போது அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த மனுசன் கிட்ட முந்தியே செல்லி ஈந்தா என்ன செஞ்சிருப்பாரு?"

"தெரியாது நானா."

"அதத்தான் நீ பார்க்கல்ல."

சில மாதங்கள் கழித்து அன்ரி கேபிளைக் கழற்றச் சொல்லி அழைத்தார். சேரின் மேசை கீழே வந்திருந்தது. அவர் சிங்கள நாளிதழை அன்ரிக்கு உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் தெரியாமல் சிரித்தார். கேபிளைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். அன்று சோதனைக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். யசோதாவின் கணினியில் என் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது என்று நேற்று அவள் பாடசாலைக்குப் போன பிறகு பார்த்தேன். வாசிக்க மட்டும். எந்த அப்டேட்டும் அதைச் செய்யாது. பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும், வைத்ததே நான்தான். மாற்ற இரண்டு நிமிடம் போதும். மாற்றவில்லை. அவள் வந்ததும் கேட்கலாம் என்று மூன்று மணிக்குத் தேநீர் போட்டு வைத்தேன். அவள் வந்தாள், குடித்தாள், பிள்ளைகளின் கதை ஏதோ சொன்னாள். நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். அல்லது, ஏற்கெனவே சொல்லியாயிற்றே அம்மா என்பாள்.

அதனால் இன்று காலை, கடைசியாக நான் திருத்திய வினாத்தாளையும் அவளுடைய மூலப்பிரதியையும் அச்சடித்து, பக்கத்தில் பக்கமாக வைத்து, விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று பக்கம் பார்த்துவிட்டேன். என் திருத்தங்கள் பதினொன்று. பதினொன்றும் எனக்குச் சரியாகவே தெரிகின்றன. சிவபாதம் சேருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.